கூடத்தில் ஒரு இறக்கை

ஜூன் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

இந்தக் கடிதத்திலும் இனி எழுதப்போகும் கடிதங்களிலும் நடந்ததை நடந்தபடியே எழுதுவேன் என்று உறுதி கூறுகிறேன். கூட்டி எழுத மாட்டேன், குறைத்தும் எழுத மாட்டேன். போனில் நான் 'ம்', 'ம்' என்று மட்டும் சொல்வதாகப் பெரியம்மாவிடம் குறைப்பட்டாயாம். அப்பா பக்கத்திலேயே நின்றால் 'ம்' தவிர வேறு என்ன சொல்வது? அதனால்தான் கடிதம்.

நான் நலம். அப்பாவும் நலம். அவருடைய கட்டைவிரலில் அலுமினியத் தகடு கிழித்த காயம் ஆறிவிட்டது.

நீ பெரியம்மா வீட்டுக்குப் போனபோது இருந்ததைவிட அப்பா கட்டுகிற விமானம் வளர்ந்திருக்கிறது. உடல் கூடம் முழுக்க நீண்டு, வால் சமையலறையை எட்டிப் பார்க்கிறது. தட்டோடு வரும்போது வாலுக்கு அடியில் குனிந்து வர வேண்டும். முதல் வாரம் இரண்டு முறை தலையில் இடித்துக்கொண்டேன். இப்போது தூக்கக் கலக்கத்திலும் தானாகக் குனிகிறேன். பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக்குள் நுழையும்போதுகூட ஒரு நாள் குனிந்துவிட்டேன். இடது இறக்கை முடிந்து, உங்கள் படுக்கையறைச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வலது இறக்கைக்கான நீள மேசை உங்கள் கட்டில் இருந்த இடத்தில் இருக்கிறது. அப்பா கூடத்தில், விமானத்தின் வயிற்றுக்கு அடியில் பாய் போட்டுப் படுக்கிறார். பகலெல்லாம் லிஃப்ட் குழிக்குள் வேலை, ராத்திரி இதற்கடியில் தூக்கம். அவருக்கு வானம் பார்க்கவே நேரமில்லை என்று நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

நீ செய்துகொண்டிருந்த செக்கர் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா பார். தகடுகளைச் சேர்க்கிற ஆணியான ரிவெட்டை அடிக்கிறவர் அதைத் தானே சரிபார்க்கக் கூடாது. அது அப்பா. செக்கர், ஒவ்வொரு ரிவெட்டின் தலைக்கு அடியிலும் அந்த மெல்லிய எஃகுத் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். நுழையவில்லை என்றால் நல்லது. நுழைந்தால் ரிவெட் சரியாக உட்காரவில்லை. அதைச் சுற்றி சிவப்பு மார்க்கரால் வட்டம் போட வேண்டும். வட்டம் போட்டதை அப்பா டிரில் செய்து எடுத்துவிட்டு வேறு அடிப்பார். வட்டத்தைப் பற்றி வாக்குவாதம் கிடையாது.

நேற்று ஒரு வரிசையில் நான்கு வட்டம் போட்டேன். "உங்கம்மாவாவது மூணோட நிறுத்தியிருப்பா" என்றார். அவர் உன்னைப் பற்றிப் பேசியது அந்த ஒரு வாக்கியம்தான். அதையும் எழுதிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். போகும் அன்று கதவருகில் நின்று விமானத்தைக் காட்டி, "இந்தச் சாமான் வெளிய போற அன்னைக்கு நான் உள்ள வர்றேன்" என்று சொன்னாய். அது அப்படியேதானே? கேட்டு வைத்துக்கொண்டால் வேலை செய்ய எனக்குச் சௌகரியமாக இருக்கும்.

உன் மகள்

ஜூன் 19

என் செல்லக் கண்ணுக்கு,

உன் உறுதிமொழியைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "இவளுக்கு வக்கீல் படிப்புதான்" என்றாள். கையெழுத்து மட்டும் கோழி கிளறியது போல் இருக்கிறது. நிதானமாக எழுது.

இங்கே கண்ணாடிக் கடையில் பழகிவிட்டேன். காலையில் வருகிறவர்களுக்கு எழுத்துப் பலகையைக் காட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். நேற்று ஒரு பெரியவர், "ரெண்டும் ஒண்ணுதாம்மா, நீங்களே ஏதாவது முடிவு பண்ணுங்க" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

செக்கர் வேலையைச் சரியாகவே புரிந்துகொண்டிருக்கிறாய். தகட்டை ஒரு பக்கத்தில் மட்டும் நுழைத்துப் பார்க்காதே. சுற்றிலும் பார். உங்கப்பா அவசரத்தில் கையைச் சாய்த்து அடிப்பார், அப்போது ஒரு ஓரம் மட்டும் தூக்கிக்கொள்ளும். வட்டம் போட்டால் அவர் எதிர்த்துப் பேச மாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் சொன்னதை மறுபேச்சில்லாமல் கேட்ட ஒரே இடம் அதுதான். அதற்காகவே வால் பகுதியில் கொஞ்சம் தாராளமாக வட்டம் போட்டிருக்கிறேன்.

நீ கேட்டதற்குப் பதில்: சொன்னது சொன்னதுதான். கைநீட்டினால் அலுமினியம் தட்டுகிற அறையில் என்னால் தூங்க முடியாது. அது வெளியே போகட்டும்.

படிப்பை விட்டுவிடாதே. வேளைக்குச் சாப்பிடு. முட்டையை மட்டும் வைத்து ஓட்டாதே. அதில் உட்கார்ந்து பறக்கிற ஆசை எல்லாம் வேண்டாம்.

அம்மா

ஆகஸ்ட் 27

அன்புள்ள அம்மாவுக்கு,

போய்விட்டது. இன்று மத்தியானம் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டோம். கூடம் காலி. படுக்கையறை காலி. முதல் செய்தி இதுதான். மற்றவற்றை வரிசையாக எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் காலையில் சீக்கிரம் எழுந்து, பள்ளிக்குப் போவதற்குள் துளைகளுக்குப் பிசிறு எடுத்து வைத்தேன். அப்பா சாயங்காலம் வந்ததும் நேராக ரிவெட் அடிக்கலாம். "என்ன இவ்வளவு வேகம்?" என்று ஒரு நாள் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். அவர் ஒரு துளையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அவரும் சீக்கிரம் எழ ஆரம்பித்தார். கணக்கில் மதிப்பெண் குறைந்துவிட்டது. அதையும் மறைக்கவில்லை.

வலது இறக்கையை மூடி முடித்த அன்றுதான் ஒன்று தெரிந்தது. இறக்கைகள் வெளியே போகாது.

படுக்கையறைக் கதவின் அகலத்தை அப்பா ஆரம்பத்திலேயே அளந்திருக்கிறார். இறக்கை தாராளமாக நுழையும். ஆனால் கதவைத் தாண்டியதும் நடைவழியில் திரும்ப வேண்டுமே, அந்தத் திருப்பத்தை அளக்கவில்லை. பெட்டியில் வந்த தகடுகள் சுருட்டின பாய் போல வளைந்து கொடுத்தன. ரிவெட் அடித்த பிறகு இறக்கை எதற்கும் வளைவதில்லை. நிமிர்த்தியும் படுக்கவைத்தும் சாய்த்தும் பார்த்தோம். நுனி எதிர்ச்சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. தினமும் லிஃப்டுக்கு வாசல் அளக்கிற மனுஷர். தரையில் உட்கார்ந்து அளவு நாடாவை இழுப்பதும் விடுவதுமாக இருந்தார்.

கொத்தனார் வந்தார். இரண்டு இறக்கைகளையும் பார்த்தார். கதவைப் பார்த்தார்.

"சார், இது உள்ள எப்படி வந்துச்சு?"

"துண்டு துண்டா வந்துச்சு."

"அப்ப வெளியயும் துண்டு துண்டா போகட்டுமே."

அப்பா அளவு நாடாவைச் சுருட்டினார். கொத்தனார் தானாகவே, "ஜன்னலை எடுத்துரலாம் சார், கீழ்ச்சுவரையும் கொஞ்சம் இறக்கினா மாட்டைக்கூட ஓட்டிட்டுப் போலாம்" என்றார். அப்படியே செய்தார்கள். ஒரு நாள் முழுக்கத் தூசி. உன் அலமாரியைப் போர்வையால் மூடி வைத்திருந்தேன், கவலைப்படாதே.

உடல் வாசல்வழியாக நேராகப் போய்விட்டது. சக்கரங்களை மட்டும் கழற்றினார்கள். தெருவில் சிறுவர்கள் கூடிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா, "இது நிஜமாவே பறக்குமா, இல்ல வேடிக்கைக்கா?" என்று என்னைக் கேட்டாள். இனிமேல்தான் தெரியும் என்றேன். ஊருக்கு வெளியே சின்ன விமானங்கள் இறங்குகிற திடலில் ஒரு ஷெட்டில் இடம் கிடைத்திருக்கிறது. இனி வேலை எல்லாம் அங்கேதான்.

லாரி போன பிறகு படுக்கையறையைக் கழுவினேன். தரையெல்லாம் அலுமினியச் சீவல். நேற்றே பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த காந்தத்தை ஓட்டிப் பார்த்தேன். அலுமினியம் காந்தத்தில் ஒட்டாது என்று போன வருஷம் நானே பரீட்சையில் எழுதியிருக்கிறேன், அது அப்போது ஞாபகம் வரவில்லை. ஈரத்துணியால் மூன்று முறை துடைத்தேன். வெறுங்காலோடு நடந்து பார்த்துவிட்டேன், குத்தவில்லை. கட்டிலை மறுபடி பூட்டினோம். ஜன்னல் இருந்த இடத்தில் இப்போதைக்குத் தார்ப்பாய். அடுத்த வாரம் கொத்தனார் மூடிவிடுவார். அதற்குள் நீ வந்தால் காற்றோட்டமாக இருக்கும்.

எந்த நாள், எந்த பஸ் என்று எழுது. நான் வந்து நிற்கிறேன்.

உன் மகள்

செப்டம்பர் 12

கண்ணுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாட்டை ஓட்டிக்கொண்டு போகிற ஜன்னலைப் படித்துப் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். நீ தனியாக அவ்வளவு தரையைத் துடைத்தாயா? கை வலிக்கவில்லையா?

இந்த மாதம் கடையில் சரக்கெடுப்பு. ஒவ்வொரு கண்ணாடிச் சட்டத்தையும் எடுத்து எண்ணி வைக்க வேண்டும், லீவு தர மாட்டார்கள். பெரியம்மாவுக்கு முழங்கால் வீங்கியிருக்கிறது, மாடிப்படி ஏற முடியவில்லை. அதுவும் ஒன்று.

தவிர, சாமான் இப்போது போயிருக்கிறது, சரி. பறக்க அனுமதி தருகிற பரிசோதகர் வந்து பார்த்து, சரியில்லை என்று சொல்லிவிட்டால்? மறுபடி வீட்டுக்குத்தானே வரும்? நான் பெட்டியோடு வந்து இறங்குவேன், பின்னாடியே அதுவும் வந்து இறங்கும். ஒரு தடவை பறக்கட்டும். அங்கேயே நிலைக்கட்டும். பிறகு பார்க்கலாம்.

கணக்கில் கவனம் வை. ஜன்னலுக்குக் கம்பி போடச் சொல், ராத்திரி பயமாக இருக்கும்.

அம்மா

அக்டோபர் 30

அன்புள்ள அம்மாவுக்கு,

பறந்துவிட்டது.

பரிசோதகர் இரண்டு முறை வந்தார். முதல் முறை, எரிபொருள் குழாய் ஒன்று ஓரத்தில் உரசுகிறது என்று சொல்லிப் போனார். அப்பா அதைச் சரிசெய்தார். இரண்டாம் முறை, இறக்கைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, ரிவெட் வேலை யார் பார்த்தது என்று கேட்டார். "அடிச்சது நான், செக் பண்ணது இவ" என்றார் அப்பா. "வால் பக்கம்?" என்றார். "அது இவ அம்மா." பரிசோதகர் வாலை இன்னொரு முறை பார்த்துவிட்டு, "அங்க இன்னும் நல்லா இருக்கு" என்றார். எனக்கு அதில் வருத்தமில்லை. உனக்குத் தெரிய வேண்டும் என்று எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை காற்று இல்லை. அப்பா மட்டும்தான் ஏறினார், ஓட்டுகிற உரிமம் அவரிடம்தானே இருக்கிறது. முதல் பறப்பில் வேறு யாரும் ஏறக் கூடாது. நானும் பரிசோதகரும் கம்பிவேலி ஓரம் நின்றோம். எஞ்சின் சத்தம் நான் நினைத்ததைவிடச் சாதாரணமாக இருந்தது. தண்ணீர் இறைக்கிற மோட்டார் போல. விமானம் ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது, பிறகு சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. திடலைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். இறங்கும்போது ஒரு சின்னக் குதி. அவ்வளவுதான்.

அந்த நேரம் எனக்கு என்ன தோன்றியது என்று நீ கேட்பாய். நானும் யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. இடது இறக்கையின் மூன்றாவது வரிசையில் நான் கடைசியாகப் போட்ட வட்டம் எது என்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். புத்தகங்களில் இந்த மாதிரி இடத்தில் யாராவது அழுவார்கள். இங்கே யாரும் அழவில்லை.

அப்பா இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி இறக்கை மேல் வைத்தார்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"சத்தம் ஜாஸ்தி."

பரிசோதகர் கைகொடுத்தார். அப்பாவும் கொடுத்தார். பஸ்ஸில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் சாவியைத் தேடிக்கொண்டே, "மேலேருந்து நம்ம வீடு தெரியுதான்னு பாத்தேன்" என்றார்.

"தெரிஞ்சுதா?"

"இல்ல. எல்லா மொட்டைமாடியும் ஒரே மாதிரி இருக்கு."

உள்ளே வந்தோம். நான் தட்டை எடுத்துக்கொண்டு சமையலறையிலிருந்து வரும்போது குனிந்தேன். அப்பா பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. அவரும் இன்னும் அப்படித்தான் குனிகிறார்.

சரக்கெடுப்பு முடிந்திருக்கும். பெரியம்மா முழங்கால் எப்படி இருக்கிறது? விமானம் ஷெட்டில் நிற்கிறது, இனி அங்கேதான் நிற்கும். ஜன்னலுக்குக் கம்பி போட்டாயிற்று. கட்டிலில் இதுவரை யாரும் படுக்கவில்லை. அப்பா இன்னும் கூடத்தில்தான் பாய் போடுகிறார்.

பஸ் எழுது.

உன் மகள்

நவம்பர் 15

கண்ணுக்கு,

மனுஷர் பத்திரமாக இறங்கிவிட்டார் என்று படித்ததும்தான் மூச்சு வந்தது. அவரிடம் சொல்ல வேண்டாம். வாலைப் பற்றிப் பரிசோதகர் சொன்னதை இரண்டு தடவை படித்தேன்.

இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. என் அலமாரியின் கீழ்த்தட்டில் இரண்டு கம்பளிச் சட்டைகள் இருக்கும், நீலமும் சாம்பலும். அவற்றை ஒரு பார்சலாகக் கட்டி அனுப்பு. அதே தட்டில் என் பழைய கண்ணாடி உறையும், தைக்கிற டப்பாவும் இருக்கும். அதையும் போட்டுவிடு. அளவில் ஒரு பெட்டியில் அடங்கும். அடங்காவிட்டால் இரண்டாக அனுப்பு.

பெரியம்மா வீட்டு மேலறை காலியாகிறது. ஜன்னல் பெரியது, வெயில் நன்றாக வருகிறது. ஒரு மேசை போட்டால் நீ உட்கார்ந்து படிக்கலாம். பரீட்சை லீவுக்கு வா. உங்கப்பா பஸ் ஏற்றிவிடுவார்.

கடையில் என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்கள். சொல்ல மறந்துவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நல்ல பெண்.

அம்மா

டிசம்பர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

பார்சல் அனுப்பிவிட்டேன். ஒரே பெட்டியில் அடங்கிவிட்டது. கம்பளிச் சட்டைகளை வெயிலில் போட்டு எடுத்தேன். தைக்கிற டப்பாவில் ஊசிகள் தனியாகக் கிடந்தன, அவற்றை ஒரு துணியில் குத்தி வைத்திருக்கிறேன். பிரிக்கும்போது கை பத்திரம். வேலை நிரந்தரமானதற்கு என் வாழ்த்து. அப்பாவிடம் சொன்னேன். "நல்லது" என்றார்.

இப்போது நான் ஒரு விஷயம் எழுத வேண்டும்.

முதல் சில பறப்புகள் முடிந்ததும் இறக்கை உடலோடு சேரும் இடத்தில் எல்லா ரிவெட்டுகளையும் மறுபடி பார்க்க வேண்டும். அதிர்வில் ஏதாவது தளர்ந்திருக்கலாம். அதற்காகப் போன சனிக்கிழமை ஷெட்டுக்குப் போனோம். அப்பா எஞ்சின் பக்கம் எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தார். நான் வலது இறக்கைக்கு அடியில் தகட்டோடு படுத்திருந்தேன். நீ சொன்னபடி ஒவ்வொன்றையும் சுற்றிலும் பார்த்தேன். தகடு எங்கேயும் நுழையவில்லை. எல்லாமே நன்றாக இருந்தன.

நான் மார்க்கரைத் திறந்து ஆறு ரிவெட்டுகளுக்கு வட்டம் போட்டேன்.

தெரியாமல் செய்யவில்லை. கை தவறவும் இல்லை. ஒவ்வொரு வட்டத்தையும் நிதானமாகப் போட்டேன்.

அப்பா வந்து கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்தார். என்னிடமிருந்து தகட்டை வாங்கினார். அடித்தவர் சரிபார்க்கக் கூடாது, ஆனாலும் வாங்கினார். முதல் வட்டத்தில் நுழைத்துப் பார்த்தார். நுழையவில்லை. இரண்டாவதில் பார்த்தார். மூன்றாவதை விரலால் மட்டும் தடவினார். பிறகு தகட்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"எத்தனை?"

"ஆறு."

"இங்க வெச்சு டிரில் பண்ணா சரியா வராது" என்றார். "வீட்டுக்குக் கொண்டு போயிடலாம்."

ஷெட்டில் டிரில் இருக்கிறது அம்மா. வெளிச்சமும் வீட்டைவிட நன்றாக இருக்கிறது. நான் மார்க்கரை மூடினேன். அவர் எரிபொருளை வடித்தார், போல்ட்டுகளைக் கழற்றினார், நான் நுனியைப் பிடித்துக்கொண்டேன். லாரிக்காரர், "என்ன சார், திரும்பவும் வீட்டுக்கா?" என்றார். "செக்கர் சொல்லிட்டா" என்றார் அப்பா. லாரிக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

படுக்கையறை ஜன்னலை மூடியாயிற்று அல்லவா, அதனால் இறக்கையை வாசல்வழியாக நேரே கூடத்துக்குக் கொண்டுவந்தோம். இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டு அதன் மேல் வைத்தோம். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. சமையலறைக்குப் போக ஒரு ஆள் பக்கவாட்டாக நடக்கிற அளவு வழிதான் இருக்கிறது. அன்று ராத்திரி அப்பா ரொம்ப நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார். குறட்டை கேட்டது. நானும் தூங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஆறு ரிவெட்டுகளையும் அவர் டிரில் செய்து எடுத்தார். எடுத்தவற்றை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். டிரில் பட்ட இடம் தவிர, வாங்கினபோது இருந்த மாதிரியே பளபளவென்று இருந்தன. புதிது ஆறு அடித்தார். நான் சரிபார்த்தேன். நன்றாக இருந்தன. நன்றாக இருக்கின்றன என்று சொல்ல வாய் திறப்பதற்குள், அவர் இறக்கையின் மறுபக்கத்தைக் காட்டி, "அந்தப் பக்கமும் ஒருவாட்டி பாத்துடு. அவசரமில்ல" என்றார்.

இன்று அந்தப் பக்கம் நான்கு வட்டம் போட்டிருக்கிறேன்.

ஒரு ரிவெட்டை எடுத்துவிட்டு வேறு அடிக்கும்போது துளை கொஞ்சம் பெரிதாகும். ஒரே இடத்தில் ரொம்ப முறை செய்ய முடியாது, தகடு கெட்டுவிடும். அது எனக்குத் தெரியும், அப்பாவுக்கும் தெரியும். அதனால் ஒரே இடத்தில் போடாமல் இடம் மாற்றிப் போடுகிறேன். இன்னும் எவ்வளவு நாள் இப்படி என்று அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் இதை உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அது வீட்டில் இருக்கிறது. நீ சொன்ன நிபந்தனை நீ சொன்னபடியே இருக்கிறது. யாராவது கேட்டால் நீ சரக்கெடுப்பையும் முழங்காலையும் சொல்ல வேண்டாம். சாமான் இன்னும் வீட்டை விட்டுப் போகவில்லை என்று சொல்லிவிடு. அது உண்மையாகத்தான் இருக்கும். நானும் பள்ளிக்கூடத்தில் கேட்கிறவர்களுக்கு அதையேதான் சொல்கிறேன். எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன், "அதானே, அந்தக் குப்பைக்கு நடுவுல யாரு குடியிருப்பா" என்றாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. வீடு காலியாக இருந்தபோது, அம்மா ஏன் இன்னும் வரவில்லை என்று அவள் கேட்ட கேள்விகளுக்குத்தான் பதில் சொல்ல முடியவில்லை.

லீவுக்கு நான் வரவில்லை அம்மா. செக்கர் இல்லாமல் அப்பா வேலை செய்ய முடியாது. மேலறையில் மேசை போட்டுவிட்டாய் என்றால் பெரியம்மா துணி மடிக்க வைத்துக்கொள்ளட்டும்.

கணக்கில் தேறிவிட்டேன்.

இனி எந்த பஸ் என்று கேட்க மாட்டேன். இதற்கு நீ பதில் எழுத வேண்டிய அவசியமும் இல்லை. சட்டைகள் வந்து சேர்ந்தனவா என்று மட்டும், முடிந்தால், பெரியம்மாவைச் சொல்லச் சொல்.

இறக்கை மேல்தான் தாளை வைத்து எழுதுகிறேன், எழுத வாகாக இருக்கிறது. அப்பா பாயை விரித்துவிட்டார். "மிச்சம் நாளைக்கு எழுதிக்க" என்கிறார். மிச்சம் ஒன்றும் இல்லை என்றேன்.

உன் மகள்

கூடத்து விளக்கை அணைத்துவிட்டார்.